‘திஸ் இஸ் ஸ்பைனல் டாப்’: படம் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

எங்கள் மெல்லிசைக் குழு கலைந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. இருந்தாலும் குழுவில் இருந்தவர்களும் அவர்களுடைய நண்பர்களும் வருடத்துக்கு ஒரு தடவையாவது ஈசூனில் என் வீட்டில் கூடுவோம். சாப்பாடு முடிந்ததும் பெரும்பாலும் இந்தப் படம்தான் ஓடும். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் புதிதாக வருவார். அவர் கேட்கும் கேள்விகள் மட்டும் புதிதாக இருக்காது. அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கதையின் முடிவைத் தொடும் இடத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இது எதைப் பற்றிய படம்?

1984இல் வந்த அமெரிக்க நகைச்சுவைப் படம், மாக்குமெண்டரி என்ற வகையைச் சேர்ந்தது. ராப் ரைனர் இயக்கிய முதல் திரைப்படம். ஓடும் நேரம் 82 நிமிடம்தான்.

ஸ்பைனல் டாப் என்று ஓர் ஆங்கிலேய ராக் குழு. ஒரு காலத்தில் ஓரளவு பெயர் வாங்கியவர்கள். இப்போது புதிய இசைத்தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அமெரிக்கா முழுக்கக் கச்சேரி செய்யப் புறப்படுகிறார்கள். மார்ட்டி டிபெர்கி என்ற இயக்குநர் அந்தப் பயணத்தை ஆவணப்படமாக எடுக்க அவர்களோடு கிளம்புகிறார். போகப் போக ஊர்கள் ரத்தாகின்றன, அரங்குகள் சிறுத்துக்கொண்டே போகின்றன. பாஸ்டன் கச்சேரி ரத்தானதும் குழுவின் மேலாளர் இயன் என்ன சொல்லி ஆறுதல்படுத்துகிறார் தெரியுமா? அது ஒன்றும் பெரிய கல்லூரி நகரம் இல்லை, கவலைப்படாதீர்கள் என்கிறார். பாஸ்டன் உலகப் புகழ்பெற்ற கல்லூரி நகரம்! கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான். கடைசியில் ஒரு கேளிக்கைப் பூங்காவின் விளம்பரப் பலகையில் பொம்மலாட்டத்தின் பெயர் மேலே இருக்கிறது, குழுவின் பெயர் அதற்குக் கீழே வருகிறது.

குழு, இசைத்தட்டு, பயணம், அந்த இயக்குநர் எல்லாமே கற்பனை.

மாக்குமெண்டரி என்றால் என்ன?

ஆவணப்படத்தின் வேடத்தைப் போட்டுக்கொண்டு வரும் கதைப்படம். தோளில் தூக்கிய கேமரா, நேர்காணல், பழைய தொலைக்காட்சிக் காட்சித் துண்டுகள் என்று எல்லாம் நிஜ ஆவணப்படம் மாதிரியே இருக்கும். உள்ளே நடப்பவை மட்டும் கற்பனை.

இந்த வேடம் வெறும் அலங்காரம் இல்லை. சாதாரண நகைச்சுவைப் படத்தில் ஒருவர் அபத்தமாக ஏதாவது சொன்னால் பின்னணி இசை நமக்குச் சைகை காட்டும், எதிரே இருப்பவர் முழிப்பார். இங்கே அப்படி எதுவும் கிடையாது. மார்ட்டி பொறுமையாக அடுத்த கேள்வியைக் கேட்பார், கேமரா அசையாமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். எங்கே சிரிக்க வேண்டும் என்று நாமாகவேதான் கண்டுபிடிக்க வேண்டும். முதல் தடவை பார்க்கும்போது பத்து நிமிடம் வரை சிலர் சிரிக்கவே மாட்டார்கள். ஒரு காட்சியில் சட்டென்று பிடிபடும், அதற்கப்புறம் நிறுத்த முடியாது.

ராப் ரைனரே மார்ட்டியாக நடித்திருக்கிறார். மார்ட்டின் ஸ்கார்செஸி 1978இல் எடுத்த ‘தி லாஸ்ட் வால்ட்ஸ்’ என்ற நிஜ இசை ஆவணப்படத்தில் அவரே திரையில் வந்து இசைக் கலைஞர்களிடம் கேள்வி கேட்பார். அந்த மரியாதையும் ஆர்வமும் மார்ட்டியிடம் அப்படியே இருக்கின்றன.

குழு நிஜம் இல்லை என்கிறீர்கள். இவர்கள் பாட்டைக் காசு கொடுத்து வாங்க முடிகிறதே?

அதுதான் இதில் உள்ள அழகு. நடித்தவர்களே பாட்டுகளை எழுதினார்கள், கருவிகளையும் அவர்களே வாசித்தார்கள். நைஜலாக வரும் கிறிஸ்டஃபர் கெஸ்ட், டேவிட்டாக வரும் மைக்கேல் மெக்கீன், டெரெக்காக வரும் ஹாரி ஷியரர் மூவருக்குமே இசை நன்றாகத் தெரியும். இந்தக் குழுவின் வேடத்தில் 1979இலேயே ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றிவிட்டார்கள், படம் அதற்கு ஐந்து வருடம் கழித்துத்தான் வந்தது.

பிறகு கற்பனை நிஜத்துக்குள் வந்துவிட்டது. 1992இல் புதிய இசைத்தட்டு வெளியிட்டு, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அதே வேடத்தில் கச்சேரி செய்தார்கள். 2007இல் வெம்பிளி அரங்கில் லைவ் எர்த் நிகழ்ச்சி, 2009இல் கிளாஸ்டன்பரி விழா. பொம்மலாட்டத்துக்குக் கீழே பெயர் போடப்பட்ட குழு, நிஜத்தில் எத்தனையோ நிஜக் குழுக்களுக்குக் கிடைக்காத மேடைகளில் நின்றிருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

ஸ்பைனல் டாப் என்றால் என்ன அர்த்தம்?

முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்க்கும் மருத்துவப் பரிசோதனை. ராக் குழுக்கள் கரடுமுரடான பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கத்தைக் கிண்டல் செய்யும் பெயர்.

அவர்கள் அதை எழுதும் விதத்தையும் கவனியுங்கள். ஆங்கிலத்தில் ‘ஐ’ எழுத்தின் தலையில் இருக்க வேண்டிய புள்ளியை எடுத்துவிட்டு, புள்ளியே தேவையில்லாத ‘என்’ எழுத்தின் தலையில் இரண்டு புள்ளிகள் வைத்திருப்பார்கள். தமிழில் ஒரு புள்ளி இடம் மாறினால் சொல்லே மாறிவிடும். அங்கே அதற்கு உச்சரிப்பே கிடையாது. ஜெர்மானிய மிடுக்கு வர வேண்டும் என்பதற்காக ஹெவி மெட்டல் என்ற சத்தம் மிகுந்த ராக் வகைக் குழுக்கள் பெயரில் புள்ளி வைத்துக்கொள்வது அந்தக் காலத்து நாகரிகம்.

ராக் இசையே தெரியாது. எனக்குப் புரியுமா?

புரியும். கோவில் திருவிழாக் கச்சேரிக்குக் கூடமாட உதவி செய்திருக்கிறீர்களா? சமூக மன்றத்தில் தீபாவளி நிகழ்ச்சி நடத்தியிருக்கிறீர்களா? பள்ளி நாடகத்துக்கு மேடை ஜோடித்திருக்கிறீர்களா? அது போதும். என் அம்மாவுக்கு எலெக்ட்ரிக் கிட்டார் சத்தமே ஆகாது. அவரே மேடைக் காட்சி ஒன்றைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். எந்தக் காட்சி என்று கீழே சொல்கிறேன்.

சரி, சிங்கப்பூர்த் தமிழர்களாகிய நமக்கும் இந்தப் படத்துக்கும் என்ன தொடர்பு?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் இந்தப் படத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் காரணமே இதுதான்.

நான் ஒன்பது வருடம் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தேன். எல்லாருக்கும் பகலில் வேலை. துறைமுகத்தில் ஒருவர், பள்ளியில் ஒருவர், டாக்சி ஓட்டியவர் ஒருவர். வாரக் கடைசியில் ஜாம்மிங் ஸ்டூடியோவை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துப் பயிற்சி செய்வோம். கட்டணத்தைத் தலைக்கு இத்தனை வெள்ளி என்று பிரித்துக்கொள்வோம். கல்யாண விருந்து, சமூக மன்றம், புளோக்கின் கீழ்த்தளத்தில் நடக்கும் குடியிருப்பாளர் நிகழ்ச்சி எதையும் விட்டதில்லை. கச்சேரி முடிந்து நள்ளிரவில் கோப்பிக் கடையில் உட்கார்ந்து, அடுத்த வருடம் பெரிய மேடை என்று பேசிக்கொள்வோம். அந்தப் பேச்சில் பொய்யே கிடையாது. எல்லாரும் முழு மனதோடு நம்பினோம்.

ஒரு கல்யாண விருந்தில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எங்களுக்குச் சொன்ன மேடையில் படம் எடுக்கும் திரைச்சீலை கட்டியிருந்தார்கள். எங்களைச் சமையலறைக் கதவுக்கு எதிரே நிற்க வைத்தார்கள். தட்டுகள் எங்கள் நடுவே போய் வந்துகொண்டிருந்தன. பாடகர் பல்லவியை நிறுத்தி வழிவிட்டு மறுபடியும் பிடித்தார். யாரும் கோபப்படவில்லை. ஒரு பாட்டைக்கூடக் குறைக்காமல் வாசித்துவிட்டுத்தான் வந்தோம்.

படத்தில் ஸ்பைனல் டாப் குழுவினர் கிளீவ்லண்ட் அரங்கின் அடித்தளத்தில் மேடைக்குப் போகும் வழி தெரியாமல் சுற்றுவார்கள். மேலே ரசிகர்களின் சத்தம் கேட்கும். இவர்கள் கிட்டாரைத் தோளில் போட்டுக்கொண்டு, உற்சாகமாகக் கத்திக்கொண்டே ஒரு நடைபாதையிலிருந்து இன்னொரு நடைபாதைக்குப் போவார்கள், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவார்கள். உற்சாகம் மட்டும் குறையாது. எங்கள் குழுவைச் சேர்ந்தவர்கள் இந்தக் காட்சியில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். சமையலறைக் கதவு எல்லாருக்கும் ஞாபகம் வந்திருக்கும்.

அந்த ‘பதினொன்று’ விஷயம் என்ன?

நைஜல் தன் கிட்டார் அறையை மார்ட்டிக்குச் சுற்றிக் காட்டுவார். ஒரு கிட்டாரைத் தொடக்கூடாது, கையால் சுட்டிக் காட்டக்கூடாது, பார்க்கவும் கூடாது. அப்புறம் ஒலிபெருக்கியிடம் வருவார். எல்லாருடைய பெருக்கியிலும் குமிழ் 10 வரைக்கும்தான் போகும், இதில் 11 வரைக்கும் போகும், அதனால் இதற்குச் சத்தம் அதிகம் என்பார். அந்த 10ஐயே இன்னும் சத்தமாக ஆக்கிவிட்டால் என்ன என்று மார்ட்டி கேட்பார். நைஜல் யோசிப்பார். நன்றாகவே யோசிப்பார். பிறகு, இது 11 வரைக்கும் போகிறது என்று மறுபடியும் சொல்வார்.

அந்த மௌனத்தைக் கவனியுங்கள் என்று ஒவ்வொரு தடவையும் நான் வேண்டிக்கொள்வேன். நைஜல் முட்டாள் இல்லை. கேள்வியின் நியாயம் அவருக்குள் போய்த் தட்டுவது முகத்தில் தெரிகிறது. ஆனால் அந்த 11 அவருக்கு எண் இல்லை, நம்பிக்கை. எல்லாரும் நிற்கும் இடத்திலிருந்து தனக்கு இன்னும் ஒரு படி மேலே இருக்கிறது என்ற நம்பிக்கை. அதைக் கணக்குப் போட்டு உடைக்க முடியாது.

இந்தச் சொல் ஆங்கிலத்திலேயே கலந்துவிட்டது. 2002இல் ஆக்ஸ்ஃபர்ட் அகராதியின் சுருக்கப் பதிப்பில் இடம்பிடித்தது. பிபிசியின் இணைய ஒளிபரப்புச் சேவையில் ஒலி அளவு 11 வரைக்கும் போகும்.

உங்கள் அம்மாவையே சிரிக்க வைத்த காட்சி எது?

ஸ்டோன்ஹெஞ்ச். இதுவரை பார்க்காதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிப் போய்விட்டு, பார்த்த பிறகு வந்து படியுங்கள்.

இங்கிலாந்தில் சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன் நிறுத்தப்பட்ட பெரிய கல் வட்டம் ஸ்டோன்ஹெஞ்ச். குழுவுக்கு அதைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. சரிந்துகொண்டிருக்கும் பயணத்தைத் தூக்கி நிறுத்த, அந்தக் கல்வாசல் ஒன்றை மேடையில் இறக்க வேண்டும் என்று நைஜல் சொல்கிறார். ஒரு காகிதக் கைத்துண்டில் வரைந்து அளவும் போட்டுக் கொடுக்கிறார்.

ஆங்கில வழக்கத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒற்றைக் கோடு போட்டால் அடி, இரட்டைக் கோடு போட்டால் அங்குலம். நைஜல் மனதில் இருந்தது 18 அடி. கை போட்டது 18 அங்குலம். செய்து கொடுப்பவர் காகிதத்தில் இருந்ததை அச்சுப் பிசகாமல் செய்து கொடுத்துவிட்டார்.

என் மகள் மீட்டரில் படித்தவள், அவளுக்கு இந்த இடம் உடனே பிடிபடவில்லை. அவளுக்குச் சொன்ன கணக்கை இங்கேயும் சொல்கிறேன். 18 அடி என்றால் ஏறக்குறைய ஐந்தரை மீட்டர், நம் வீவக புளோக்கில் இரண்டு மாடி உயரம். 18 அங்குலம் என்றால் 46 சென்டிமீட்டர். விசேஷத்துக்கு ஏற்றி வைக்கும் பெரிய குத்துவிளக்கு அதைவிட உயரம்.

மேடையில் புகை கிளம்புகிறது. பழங்கால மக்களைப் பற்றி நைஜல் கனத்த குரலில் பேசுகிறார். மேலேயிருந்து அந்தக் கல்வாசல் மெதுவாக, மிக மெதுவாக இறங்குகிறது. டேவிட் அதைத் திரும்பிப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அந்த ஒரு பார்வைக்கே விருது கொடுக்கலாம். அதைச் சுற்றி ஆட வந்த இரண்டு பேரும் குட்டையான உருவம் கொண்டவர்கள்.  அவர்கள் இடுப்புக்குக்கூட அது எட்டவில்லை. பாட்டு நிற்கவில்லை, கடைசி வரி வரை வாசிக்கிறார்கள்.

அம்மா சிரித்ததற்குக் காரணம் கேட்டேன். ஊரில் ஒரு நாடகத்துக்கு ஆளுயரப் பிள்ளையார் சொல்லி வைத்திருந்தார்களாம், வந்தது அகல் விளக்கு உயரப் பிள்ளையாராம். அந்தப் பிள்ளையாரை வைத்துத்தான் நாடகம் நடந்ததாம்.

நிஜத்திலும் ஒன்று நடந்தது. பிளாக் சபத் என்ற புகழ்பெற்ற குழு 1983இல் ஸ்டோன்ஹெஞ்ச் மேடை அமைப்போடு பயணம் போனது. அங்கே பிரச்சினை நேர் எதிர்: பல அரங்குகளுக்குள் நுழையாத அளவுக்கு அது பெரிதாக வந்துவிட்டது.

டிரம்மர்கள் ஏன் செத்துக்கொண்டே இருக்கிறார்கள்?

முதலாமவர் தோட்ட வேலையின்போது நடந்த விசித்திர விபத்தில், அடுத்தவர் வாந்தி அடைத்து, அதற்கடுத்தவர் மேடையில் இருந்தபடியே தானாகத் தீப்பற்றி என்று கதை போகும். நைஜல், டேவிட், டெரெக் மூவரும் இதைத் துக்கம் கலந்த அமைதியோடு சொல்வார்கள். தி ஹூ குழுவின் கீத் மூன் 1978இலும், லெட் ஸெப்லின் குழுவின் ஜான் பானம் 1980இலும் இளம் வயதிலேயே இறந்தார்கள், இருவரும் டிரம்மர்கள். அந்தச் சோகத்தின் நிழல் இந்த நகைச்சுவையின் மேல் விழுந்திருக்கிறது.

எங்கள் குழுவிலும் நான்கு டிரம்மர்கள் மாறினார்கள். இரண்டு பேர் தேசிய சேவைக்குப் போனார்கள், ஒருவர் ஆஸ்திரேலியாவில் படிக்கப் போனார், நான்காமவர் கடைசி வரை இருந்தார். ஒவ்வொரு புதியவருக்கும் எல்லாப் பாட்டையும் முதலிலிருந்து சொல்லிக் கொடுக்கும் அலுப்பு வாசித்தவர்களுக்குத்தான் தெரியும்.

வசனம் எல்லாம் எழுதி வைத்துப் பேசியதா?

பெரும்பாலும் இல்லை. காட்சியில் என்ன நடக்க வேண்டும் என்று தெரியும், குழுவின் வரலாறு, பழைய இசைத்தட்டுகள், யாருக்கு யார் மேல் மனத்தாங்கல் என்று எல்லாம் பேசி வைத்திருந்தார்கள். வார்த்தைகள் கேமரா முன்னால்தான் பிறந்தன. தெருக்கூத்தில் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான், அன்றைக்குக் கட்டியங்காரன் என்ன பேசுவான் என்பது அவனுக்கே தெரியாது. அந்த மாதிரி. எழுத்து, இசை இரண்டுக்கும் ரைனர், கெஸ்ட், மெக்கீன், ஷியரர் நால்வர் பெயரும் சேர்ந்தே வரும்.

திரைக்கதை எழுதக் கிடைத்த பணத்தில் எழுதாமல், ஏறக்குறைய 20 நிமிட மாதிரிப் படம் ஒன்றை எடுத்துக் காட்டித்தான் இதற்கு ஆதரவு தேடினார்கள். இந்த மாதிரிப் படத்தைத் தாளில் எழுதிப் புரிய வைக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சிங்கப்பூரில் ராக் எங்கே இருந்தது? அதுவும் தமிழர்களிடம்?

இருந்தது, இருக்கிறது. கிளிஃப் ரிச்சர்டும் தி ஷாடோஸ் குழுவும் 1961இல் இங்கே வந்து வாசித்துவிட்டுப் போன பிறகு தெருவுக்குத் தெரு கிட்டார் குழுக்கள் முளைத்தன. தி குவெஸ்ட்ஸ் போன்ற உள்ளூர்க் குழுக்கள் அறுபதுகளில் பெரும் புகழோடு இருந்தன. எழுபதுகளில் காற்று மாறியது. ஆண்கள் நீளமாக முடி வளர்ப்பதை அரசாங்கம் கண்டித்த காலம் அது. நீண்ட முடி வைத்த ஆண்களுக்குக் கடைசியாகத்தான் சேவை என்று அலுவலகங்களில் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். 1972இல் லெட் ஸெப்லின் இங்கே வாசிப்பதாக இருந்தது. தலைமுடிதான் தடையாக வந்தது, கச்சேரி நடக்கவில்லை. ஸ்பைனல் டாப் குழுவின் தலைமுடியைப் பார்க்கும்போது அப்பா தலைமுறைக்காரர்கள் இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார்கள்.

தமிழர்கள் என்று கேட்டால், நான் முதலில் சொல்லும் பெயர் ருத்ரா. 1992இல் இங்கே தொடங்கிய குழு. டெத் மெட்டல் இசைக்குள் சமஸ்கிருத மந்திரங்களையும் வேதாந்தத்தையும் கொண்டுவந்து, அதற்கு வேதிக் மெட்டல் என்ற அடையாளத்தை ஏற்படுத்தினார்கள். முதல் இசைத்தட்டு 1998இல் வந்தது. உலகம் முழுக்க மெட்டல் கேட்பவர்களுக்குத் தெரிந்த பெயர். ஸ்டோன்ஹெஞ்ச்சைத் தேடும் நைஜலைப் போலவே, தங்கள் முன்னோர்களிடம் உள்ள ஏதோ ஒன்றைச் சத்தத்துக்குள் கொண்டுவர நினைத்தவர்கள். இவர்கள் அதைச் செய்து முடித்தார்கள்.

பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பக்கம் போனால் கிட்டார் கடைகள் இன்னும் இருக்கின்றன. சனிக்கிழமை மதியம் போய்ப் பாருங்கள். வாங்கப் பணம் இல்லாத பையன் ஒருவன், தொட அனுமதி கேட்டுவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கிட்டாரை மடியில் வைத்திருப்பான். நைஜலின் கிட்டார் அறை எனக்கு அங்கேதான் புரிந்தது.

டேவிட்டின் காதலி வந்துதானே குழுவைக் கெடுத்தாள்?

இல்லை. இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஜனீன் வருகிறாள், ராசி பலன் பார்த்துப் பயணத்தைத் திட்டமிடுகிறாள், மேலாளர் வேலைக்குள் நுழைகிறாள். நைஜலுக்குப் பிடிக்கவில்லை. பார்ப்பவர்களுக்கும் பிடிக்காது. ஆனால் அவள் வருவதற்கு முன்பே பாஸ்டன் ரத்தாகிவிட்டது. இசைத்தட்டின் அட்டைப்படம் ஆபாசமாக இருந்ததால் கடைகள் அதை ஏற்க மறுத்துவிட்டன. விரிசல் எல்லாம் முன்பே இருந்தவை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், இவர்களுக்குக் கோணல் கூடமாக அவள் கிடைத்தாள்.

எங்கள் குழு கலைந்தபோதும் பாடகரின் மனைவியைத்தான் எல்லாரும் காரணமாகச் சொன்னோம். நானும் சொன்னேன். அது தப்பு. பிள்ளை பிறந்த வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது கணவர் வீட்டில் இருக்கட்டும் என்று அவர் கேட்டார், அவ்வளவுதான். ஜனீனுக்குப் படம் இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம் என்பது என் ஒரே குறை.

அப்படியென்றால் பாவப்பட்ட கலைஞர்களைக் கேலி செய்யும் படமா?

கேலி உண்டு. வன்மம் கிடையாது. நைஜல் பியானோவில் ஒரு மெட்டு வாசித்துக் காட்டுவார். டி மைனர், எல்லாச் சுருதிகளிலும் அதுதான் மிகச் சோகமானது, கேட்டாலே அழுகை வரும் என்பார். நம்மவர்கள் முகாரி என்று சொல்வது போல. மெட்டு நிஜமாகவே அழகாக இருக்கும். பிறகு அதன் தலைப்பைச் சொல்வார், அது சபையில் சொல்ல முடியாத தலைப்பு. சிரிக்கிறோம், ஆனால் மெட்டு அழகாக இருந்தது என்பது மாறவில்லை. இரண்டும் ஒரே ஆளிடமிருந்து வந்தவை.

‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் பாலையாவுக்கு நாகேஷ் கதை சொல்லும் காட்சி நமக்கெல்லாம் மனப்பாடம். படமே எடுக்காத தயாரிப்பாளர், ஆனால் கதை சொல்லும்போது அவர் கண்ணில் எரியும் தீ நிஜம். அந்தத் தீதான் ஸ்பைனல் டாப்.

டேவிட்டும் நைஜலும் சின்ன வயதிலிருந்தே நண்பர்கள். ஒரு காட்சியில், சிறுவர்களாக இருந்தபோது சேர்ந்து எழுதிய முதல் பாட்டை ஒரு சாப்பாட்டுக் கடையில் மெதுவாகப் பாடிக் காட்டுவார்கள். கருவி இல்லை, புகை இல்லை, 11 இல்லை. இரண்டு குரல் சேர்கிறது, அவ்வளவுதான். படத்தின் கதையே அந்த இரண்டு குரலும் பிரிவதும் மறுபடியும் சேருமா என்பதும்தான். சேருகிறதா என்பதை நீங்களே பாருங்கள். மேடைக்கு ஓரத்தில் நைஜல் நிற்கும் அந்த இடத்தில் எங்கள் வீட்டில் யாரும் பேசமாட்டார்கள்.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம். கெட்ட வார்த்தைகள் நிறைய, பாலியல் நகைச்சுவையும் நிறைய. அமெரிக்காவில் இதற்கு ‘ஆர்’ சான்றிதழ், அதாவது 17 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பெரியவர்களோடுதான் போகலாம்.

ஆங்கிலம் பிடிபடவில்லை, என்ன செய்வது?

துணையுரையைப் போட்டுக்கொள்ளுங்கள். குழுவாக வரும் மூவரும் அமெரிக்க நடிகர்கள், லண்டன் பேச்சில் பேசுகிறார்கள், ஒருவர் பேசும்போதே இன்னொருவர் குறுக்கே வருவார். எங்களில் பாதிப் பேர் ஆங்கிலத் துணையுரையோடுதான் பார்ப்போம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

படம் வந்தபோதே வெற்றி பெற்றதா?

பெரிதாக இல்லை. நிஜக் குழு என்று நம்பியவர்களும் இருந்தார்கள். வீடியோ கேசட் வந்த பிறகுதான் கை மாறிக் கை மாறிப் பரவியது. குறிப்பாக, ஊர் ஊராகப் போய் வாசிக்கும் இசைக் குழுவினர் இதைத் தங்கள் படமாகவே எடுத்துக்கொண்டார்கள். 2002இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில், பாதுகாக்கப்பட வேண்டிய படமாகச் சேர்த்தார்கள்.

இரண்டாம் பாகம் இருக்கிறதாமே?

இருக்கிறது, 2025 செப்டம்பரில் வந்தது. அதே நால்வர், நாற்பது வருட முதுமையோடு. பால் மெக்கார்ட்னியும் எல்டன் ஜானும் வருகிறார்கள். முதல் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் அதற்குப் போக வேண்டும்.

இந்த வகை பிடித்துவிட்டால் கிறிஸ்டஃபர் கெஸ்ட் இயக்கிய ‘பெஸ்ட் இன் ஷோ’ (2000), ‘எ மைட்டி விண்ட்’ (2003) இரண்டையும் தேடுங்கள். இரண்டாவதில் மெக்கீனும் ஷியரரும் உண்டு, அதுவும் பாடகர்களைப் பற்றிய படம்தான். எனக்கு அது இன்னும் ஒரு படி நெருக்கம்.

பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் எழுந்துவிடலாமா?

தயவுசெய்து உட்காருங்கள். பெயர்கள் ஓடும்போதும் நேர்காணல் தொடர்கிறது. இசை இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று நைஜலிடம் மார்ட்டி கேட்கிறார். ஏதாவது கடையில் வேலை பார்ப்பேன், தொப்பிக் கடை மாதிரி என்கிறார் நைஜல். வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவார் என்று அங்கேயே நடித்தும் காட்டுகிறார். அந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா என்று மார்ட்டி கேட்டதும், நைஜல் ஒரு நொடி யோசித்துவிட்டு, வேலை நேரம் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிறார்.